சாம்பாருக்கு எத்தனை ஊர்?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ‘அரிசி எந்த மரத்தில் காய்க்கும்?’ என்று கேட்கிறான். சிரிப்பதா, அழுவதா?
– ஒரு தாய், தாம்பரம்

இரண்டும் வேண்டாம், ஒரு பழைய பக்கெட்டை எடுங்கள். மண்ணும் மக்கிய உரமும் போட்டு, தண்ணீர் விட்டுச் சேறாக்குங்கள். ஒரு பிடி விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டியதும் அவன் கையாலேயே தூவச் சொல்லுங்கள். வெயில் படும் இடமாக இருக்கட்டும். சேறு காயக் கூடாது. குறுவை ரகமென்றால் நாலு மாதத்துக்குள் அறுத்துவிடலாம். கதிர் வந்ததும் ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்க்கட்டும். வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால்தான் இறுகி அரிசியாகிறது. முற்றிய பிறகு அவனே உதிர்த்து, உரலில் குத்தி, உமியை ஊதட்டும். மொத்தத்தில் ஒரு கவளம் தேறலாம். ‘தட்டில் சோற்றை மீதம் வைக்காதே’ என்று அதற்குப் பிறகு நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டியதில்லை. அவன் உங்களிடம் சொல்வான்.

பத்துப் பை வைத்து மாடித்தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு பாதியாகக் குறையுமா?
– வாசகர், ஈரோடு

கணக்கையே பார்த்துவிடுவோம். ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. பத்துப் பை அதைத் தராது. ஆனால் கீரை, புதினா, கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்காகக் கடைக்கு ஓடுவது நிற்கும். சிறுகீரையை 25 நாளில் பறிக்கலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பணத்தில் மிச்சம் கொஞ்சம்தான். ஒரு கிலோ கத்தரிக்காய்க்குப் பின்னால் எவ்வளவு பாடு இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியவருவதுதான் பெரிய மகசூல்.

பரங்கிக் கொடி தாராளமாகப் பூக்கிறது. ஆனால் எல்லாப் பூவும் உதிர்கிறது. கண் பட்டுவிட்டதா?
– வாசகி, நாகர்கோவில்

கண் படவில்லை, தேனீ படவில்லை! பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ; வெறும் நீளக் காம்பென்றால் ஆண் பூ. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். அவை உதிரத்தான் செய்யும். பெண் பூ வந்த அன்று விடிந்ததும் போய்விடுங்கள், மதியத்துக்குள் பூ மூடிக்கொள்ளும். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சேர்ந்தால் சில நாளில் பிஞ்சு பருக்கும். சேராவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூப்பவை, அவற்றுக்கு மாலையில் போங்கள். பக்கத்தில் துளசியும் தும்பையும் வைத்தால் தேனீயே வந்து இந்த வேலையைச் செய்யும். கூலி கேட்காது.

‘சாம்பார்ல இருக்கிறது எல்லாமே ஆதியிலிருந்து நம்ம மண்ணுல விளைஞ்சது’ என்கிறார் என் மாமியார். சரியா?
– மருமகள், கும்பகோணம்

பாதி மார்க் கொடுங்கள். துவரை, கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் இந்தப் பக்கத்துச் செடிகள். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் வழியாகத்தான் மிளகாய் வந்தது. அதுவரை நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகு. பெருங்காயம், ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். நம் நாட்டில் அதைப் பயிராக்கும் முயற்சியில் முதல் கன்று நட்டது 2020 அக்டோபரில், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். துவரை நம்முடையதுதான் என்றாலும், இப்போது அதில் ஒரு பங்கு மொசாம்பிக்கிலிருந்து கப்பலில் வருகிறது. இத்தனை ஊரையும் ஒரே கொதியில் சேர்த்த கை நம்முடையது. அந்த மீதிப் பாதி மார்க்கை அதற்காக மாமியாருக்கே கொடுத்துவிடுங்கள்.

கடைத் தக்காளியின் விதையைப் போட்டேன். செடி வந்தது, காய் மட்டும் வேறு மாதிரி இருக்கிறதே?
– வாசகர், கரூர்

நீங்கள் போட்டது ஹைபிரிட் பழத்தின் விதையாக இருக்கும். அது தாயைக் கொண்டு பிறக்காது. நாட்டு ரகத்தை ஒருமுறை வாங்குங்கள், பிறகு விதைக்குக் காசு வேண்டாம். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்தால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பாக ஓர் உறை இருக்கும். முளைக்க விடாமல் தடுப்பது அதுதான். சாற்றோடு டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். உறை கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போனாலும் விதை தெருவில் இருக்கும்.

கத்தரியில் மாவுப்பூச்சி. கடைக்காரர் பெரிய மருந்து பாட்டிலைக் காட்டுகிறார். வாங்கட்டுமா?
– வாசகி, விருதுநகர்

நாளைக்குக் குழம்பில் போடப்போகும் காய் அது. வாங்காதீர்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். 2008-ஐ ஒட்டி, தமிழ்நாட்டின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பப்பாளி மாவுப்பூச்சி சூறையாடியது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. பூச்சிக்குப் பூச்சிதான் போலீஸ். பாட்டிலைத் திறந்தால் திருடனோடு போலீஸும் போய்விடும்.

வீட்டு வாசலில் முருங்கை வைத்தால் ஆகாதாமே?
– வாசகர், தேனி

ஏறும் பிள்ளைகளுக்கு ஆகாது, கிளை லேசில் முறியும். கம்பளிப்பூச்சியும் கூட்டமாக அப்பும். கொல்லையில் வையுங்கள். அவசரமென்றால் உங்கள் பக்கத்துப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை இருக்கிறது. விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம்.

தக்காளி ஒரு மாதம் நூறு ரூபாய், இன்னொரு மாதம் ரோட்டில் கொட்டுகிறார்கள். யார் செய்யும் சதி?
– வாசகர், சேலம்

நாற்று நட்டால் காய் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நட்டால், எல்லோருடைய பழமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்கவும் முடியாது. பெருமழை பெய்தால் பூ கொட்டும், பழம் வெடிக்கும். 2023 ஜூலையில் விலை நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அன்றைக்கு நாம் எல்லோரும் குரல் கொடுத்தோம். பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும்போதும் அதே குரல் வர வேண்டும். உங்கள் தொட்டியில் ஒரே மழைக்குப் பூவெல்லாம் உதிர்ந்ததைப் பார்த்திருந்தால் அது தானாகவே வரும். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. விளைவித்தவரிடமே வாங்குங்கள். விலை பலகையில் இருக்கும், பேரத்துக்கு வேலையில்லை. மிச்சமாகும் நேரத்தில் ‘எந்த ஊருண்ணே, எப்ப நட்டீங்க?’ என்று கேளுங்கள்.

எல்லாம் சரி. எனக்கு இருப்பது ஒரு பால்கனிதான். எதில் தொடங்குவது?
– வாசகி, கோவை

கீரையில். நாலைந்து மணி நேரம் வெயில் வந்தால் போதும். அடியில் ஓட்டையுள்ள அகலத் தொட்டியில் மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காக நிரப்புங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். சிறுகீரை விதை பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். சொம்பால் ஊற்றாமல் கையால் தெளியுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள்; கீரைக்கு எல்லா மாதமும் ஆடிதான். அடுத்த கேள்வியை முளை விட்ட பிறகு எழுதுங்கள். அதற்கு முன் எது கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: முதலில் விதையைப் போடுங்கள்!