65-ஆல் பெருக்கும் தம்பி

ஆகஸ்ட் பிறந்ததும் தேக்காவில் ஒரு புது ரக மனிதர் நடமாடத் தொடங்குவார். தோளில் பை, கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, சத்தமில்லாமல் அசையும் உதடு. ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். விலைப் பலகையில் கண்ட எண்ணை 65-ஆல் பெருக்கிக்கொண்டிருக்கிறார். வெள்ளி ஒன்றுக்குச் சுமாராக இத்தனை ரூபாய் என்று விமானத்திலேயே முடிவு கட்டிவிட்டார். இவர்தான் நம் பரிமாற்றத் தம்பி. ஊரில் மூன்றாம் ஆண்டு பொருளியல் படிக்கிறவர். ஒரே ஒரு பருவத்தைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, டிசம்பரில் பெட்டி கட்டிவிடுவார்.

கட்டணம் கட்டுவது ஊர்க் கல்லூரிக்கு. பாடம் கேட்பது கெண்ட் ரிட்ஜ் குன்றின் மேல். இந்த ஏற்பாட்டில் லாபம் யாருக்கு என்பதே தம்பி இங்கு வந்து செய்த முதல் ஆய்வு. விடை: தம்பிக்கு. அதற்குப் பிறகு அவருடைய கணக்குப் புத்தகத்தில் லாபம் என்ற தலைப்பில் எதுவும் ஏறவில்லை.

தேக்கா நிலையத்துத் தேநீர்க் கடையில் நின்று அவர், "அண்ணே, ஒரு டீ" என்பார். கடைக்காரர், "தேயா, தே-ஓவா, தே-சியா? சீனி போடவா, கோசோங்கா?" என்பார். ஒரு டீக்கு இத்தனை கிளையா என்று தம்பி மலைத்துவிடுவார். பால், சீனி இரண்டையும் ஏற்றி இறக்கி ஒரே பண்டத்தைப் பல பண்டமாக்கி விற்கும் தந்திரத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் தனி அத்தியாயமே உண்டு. அது நினைவுக்கு வந்து அவர் பரவசப்படுவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும்.

"ஒன்றரை வெள்ளி, தம்பி."

உதடு அசையும். தொண்ணூற்றேழரை ரூபாய்!

"எங்க காலேஜ் வாசல்ல இதே டீ பன்னிரண்டு ரூபாண்ணே."

"அப்ப அங்கயே போய்க் குடிச்சிட்டு வாங்க தம்பி" என்பார் கடைக்காரர். கோபமெல்லாம் இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பதில் மனப்பாடம்.

இந்த வேதனைக்கு மருந்தும் பொருளியலிலேயே இருக்கிறது. ஒரு நாணயத்தின் உண்மையான மதிப்பை நாணய மாற்றுக் கடைப் பலகையில் பார்க்கக் கூடாது, அது அந்தந்த ஊரில் எதை வாங்கித் தரும் என்று பார்க்க வேண்டும் என்றொரு கோட்பாடு உண்டு. கொள்வலிமைச் சமநிலை என்று பெயர். அதன்படி கணக்கிட்டால் வெள்ளியின் ரூபாய் மதிப்பு வெகுவாக இறங்கிவிடும், தம்பியின் மனமும் இளகிவிடும். கோட்பாட்டின்படி நடக்கிற நாளில் அவருக்கு ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி. சந்தை விகிதப்படி நடக்கிற நாளில் விடுதி அறையில் ரொட்டியும், அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயும். மாதத்தின் முதல் வாரம் கோட்பாடு, மீதி மூன்று வாரம் சந்தை.

விடுதியைச் சொன்னேன் அல்லவா? குளிரூட்டியைப் போட்டால் போட்ட அளவுக்குக் காசு பிடிக்கும் அறை அவருக்கு வாய்த்திருக்கிறது. அதனால்தான் தம்பி நூலகமே கதியென்று கிடக்கிறார். அங்கே குளிர் இலவசம். அவருடைய படிப்பார்வத்தைக் கண்டு பேராசிரியர் நெகிழ்ந்துபோனதாகக் கேள்வி.

வகுப்பிலும் அவருக்கு ஒரு விநோதமான மரியாதை. இங்கே மதிப்பெண்ணை மணிவடிவ வளைவில் போடுகிறார்கள் என்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தரக் கவலை. பரிமாற்ற மாணவர்கள் பலருக்குத் தேர்ச்சி பெற்றாலே போதும். இங்கு வாங்கும் மதிப்பெண் ஊர்க் கல்லூரியின் சராசரியில் சேராது. ஆகவே அவர்கள் வளைவின் அடிவாரத்தை நிரப்புவார்கள் என்பது வளாகத்து நம்பிக்கை. "நீங்க எக்ஸ்சேஞ்சா? நம்ம வகுப்பிலேயே இருங்க!" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்பார்கள். "அப்படியே உங்க புராஜெக்ட் குழுவிலும் சேத்துக்குங்களேன்" என்று தம்பி கேட்டால், குழு நேற்றே நிரம்பிவிட்டிருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு சோதனை. தட்டில் சுடச்சுடச் சோற்றோடு கேண்டீனில் நிற்பார். காலி மேசை இருக்கும், அதன்மேல் ஒரு டிஷ்யூ பொட்டலமும் இருக்கும். இடம் பிடித்தாயிற்று என்று பொருள், 'சோப்' என்பார்கள். சட்டமில்லை, காவலில்லை, சில காசு பெறும் காகிதம் ஒரு மேசைக்கே உரிமைப் பத்திரமாகிவிடுகிறது! சொத்துரிமை எப்படிப் பிறக்கிறது என்று தம்பி நின்றபடியே சிந்திப்பார். சிந்தித்து முடித்து, தாமும் ஒரு பொட்டலம் வாங்கி வருவதற்குள் சோறு ஆறிவிடும். மறுநாள் முன்னேற்பாடாகப் பொட்டலத்தோடு வந்தார். மேசையில் வைத்துவிட்டு உணவு வாங்கப் போனார். மேசை துடைக்க வந்த பாட்டி, யாரோ விட்டுப்போனது என்று அதை எடுத்துக்கொண்டார். நடைமுறைக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள இடைவெளி என்ற தலைப்பில் அன்றிரவே நான்கு பக்கம் எழுதினார்.

மூன்றாவது வாரத்தில் தம்பி நிபுணராகிவிடுவார். நெதர்லாந்துக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1960-ல் ஐ.நா. குழுவோடு இங்கே வந்தார். பிறகு 1984 வரை, இங்கே குடியேறாமலேயே, வந்து வந்து போய் இந்த நாட்டின் தொழில்வளர்ச்சிக்கு ஆலோசனை சொன்னார். பாடத்தில் இதைக் கேட்டதிலிருந்து தம்பியின் நடையே மாறிவிட்டது. வெளியூர்க்காரர் சொன்னால் இந்த ஊர் கேட்கும் என்று புரிந்துகொண்டார். அம்மாவுக்குத் தொலைபேசியில், "இங்க அதிபர் தர்மன் சண்முகரத்னமே நம்ம பாடம் படிச்சவர்தாம்மா" என்றார். "அப்படியா? அப்ப நீயும் நல்லாப் படி" என்றார் அம்மா. தாம் சொல்லவந்தது அதுவல்ல என்று தம்பிக்கு வருத்தம்.

நிபுணருக்கும் அதிர்ச்சி உண்டு. இங்கே கார் வாங்குவதற்கு முன் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும். 1990-லிருந்து நடப்பு அதுதான். சிஓஇ என்கிற அந்தச் சான்றிதழுக்கு மாதம் இரண்டு ஏலம், ஆயுள் பத்து வருடம். 2023-ல் சிறிய கார்களுக்கான சான்றிதழே லட்சம் வெள்ளியைத் தாண்டியது. தம்பி பெருக்கினார். 65 லட்சம் ரூபாய்! "இதுல கார் எங்கே?" என்று கேட்டார். கார் தனி என்றார்கள். அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பல்கலைக்கழகத்திலேயே 2019 வரை பாடங்களுக்குக்கூட மாணவர்கள் புள்ளிகளை வைத்து ஏலம் கேட்டார்கள் என்று தெரிந்தபோது, கொஞ்சம் முன்னால் பிறந்திருக்கலாமே என்று ஏங்கினார். ஏலத்தைப் பற்றிய எழுத்துத் தேர்வில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பருவத்தின் நடுவில் ஒரு வாரம் விடுமுறை வரும். ஐரோப்பாவிலிருந்து வந்த பரிமாற்ற மாணவர்கள் பாலித் தீவுக்குப் பறப்பார்கள். தம்பி பாலம் தாண்டி ஜோகூருக்குப் போவார். அங்கே எல்லாம் மலிவு என்று கேள்விப்பட்டிருக்கிறார். ரிங்கிட்டை வெள்ளியாக்கி, வெள்ளியை ரூபாயாக்கி, இரட்டைப் பெருக்கலில் களைத்து, ஒன்றும் வாங்காமல் திரும்புவார். குடிநுழைவு வரிசையில் நின்ற மணிநேரத்தையும் கணக்கில் சேர்த்தால் பெருநஷ்டம்.

இப்படிப்பட்ட தம்பிக்கு உண்மையான பாடம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பூமலை நிலையத்தில் ரயில் மாறி லிட்டில் இந்தியா வந்திறங்கியவர், பணம் அனுப்பும் கடை வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், கட்டுமானத் தொழிலாளி.

"தம்பிக்கு எங்க வேலை?"

"வேலை இல்லண்ணே, படிக்கிறேன். எகனாமிக்ஸ்."

"அட, நல்லதாப் போச்சு. ரேட்டு ஏறுமா? இன்னிக்கே அனுப்பிரவா, புதன்கிழமை வரைக்கும் பாக்கவா?"

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். சிங்கப்பூர் நாணய ஆணையம் மற்ற பல நாடுகளைப் போல வட்டி விகிதத்தைப் பிடித்துக்கொண்டு பணவீக்கத்தை அடக்குவதில்லை. 1981-லிருந்து நாணய மாற்று விகிதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பல நாட்டு நாணயங்களுக்கு எதிரே வெள்ளியை ஒரு வரம்புக்குள் நகரவிட்டு... என்று விளக்கினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. ஏறுமா, ஏறாதா?"

"மற்றவை மாறாம இருந்தா..."

"அது எப்படித் தம்பி மாறாம இருக்கும்? நாலு கடைல நாலு ரேட்டு. அந்த முக்குக் கடைல கமிஷனே இல்லைன்னு போர்டு போட்டிருப்பான், ரேட்டுல பிடிச்சுக்குவான். ரெண்டையும் சேத்து, ஊர்ல கைக்கு எவ்வளவு வருதுன்னு பாக்கணும். சம்பள வாரத்துல வந்தா வரிசை அனுமார் வாலு."

தம்பி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு தம் டீ விலைக் கதையைச் சொல்லி, 65-ஆல் பெருக்கிப் பெருக்கி நொந்துபோனதையும் சொன்னார். அண்ணன் சிரித்தார்.

"நானும் பெருக்குறவன்தான். ஆனா நீங்க செலவைப் பெருக்குறீங்க, நான் சம்பளத்தைப் பெருக்குறேன்."

"எனக்குச் சம்பளம் இல்லையேண்ணே. எக்ஸ்சேஞ்ச்ல வந்தவங்க வேலை பாக்கக் கூடாது."

"அப்பப் பெருக்காதீங்க."

ஊரில் முகவருக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடனை அடைக்கவே இந்த அண்ணன்களில் பலருக்கு முதல் பல மாதச் சம்பளம் போய்விடும். அதற்குப் பிறகுதான் தங்கை கல்யாணம், மேல்தளம், நிலம் எல்லாம். பெருக்கும் எண் இருவருக்கும் ஒன்றுதான். அந்த எண் தம்பியைப் பட்டினி போடுகிறது, அண்ணனுக்கு வீடு கட்டுகிறது. எந்தப் பக்கத்தைப் பெருக்குகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

தம்பியைப் பார்த்துச் சிரிக்கிற நாமும் பெருக்கியவர்கள்தான். எந்த எண்ணால் பெருக்கினார் என்று கேட்டால் ஒருவர் எந்த ஆண்டு இங்கே வந்தார் என்று சொல்லிவிடலாம். 2000 வாக்கில் வந்தவருக்கு 26, 2010 வாக்கில் வந்தவருக்கு 34. பெருக்குவதை எப்போது நிறுத்தினார் என்று கேட்டால், எப்போது இங்கேயே தங்க முடிவெடுத்தார் என்றும் தெரிந்துவிடும். பலருக்கு அது தமக்கே தெரியாமல் நடந்திருக்கும். தம்பிக்கு அந்த வாய்ப்பில்லை. நிறுத்தும் நேரத்தில் டிசம்பர் வந்துவிடும், ஊருக்குப் போய் எல்லா விலையையும் 65-ஆல் வகுக்கத் தொடங்குவார். வீட்டில் யாரும் அவரோடு காய்கறி வாங்கப் போக மாட்டார்கள்.

ஆகவே, தேக்காப் பக்கம் உதடசையும் தம்பி யாரையாவது பார்த்தால் கூப்பிட்டு ஒரு தே வாங்கிக் கொடுங்கள். விலையை மட்டும் சொல்லாதீர்கள்.