மேற்பார்வைக்குக் குறைவில்லை

கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரிக்கு வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிவரும் பிள்ளைகள் பாக்கியசாலிகள். அவர்களை மேற்பார்க்கத்தான் எத்தனை போட்டி! முதலில் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டது. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கு ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதைக் கலைத்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க இன்னொரு சட்டம். கல்லூரி ஓரடி நகரவில்லை. பல்கலைக்கழகம்தான் ஊர் ஊராக அலைந்தது.

துணைவேந்தர் விஷயத்தில் அக்கறை இன்னும் அதிகம். யார் நியமிப்பது என்று ஆளுநரும் அரசும் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் மசோதாக்களுக்கு வழிவிட்டது. மே மாதம் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்திலோ 2023 ஆகஸ்டிலேயே நாற்காலி காலியாகிவிட்டது. ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது, கோப்பு நகர்கிறது, என்ன குறை? ஆள் இல்லாத நாற்காலி ஊழல் செய்யாது, கோஷ்டி சேர்க்காது, வெளிநாட்டுப் பயணமும் கேட்காது. அடுத்து ஆட்சிக்குழுவையும் காலியாக விட்டால் நிர்வாகம் அப்பழுக்கற்றதாகிவிடும்.

ஒழுங்கில் மட்டும் சமரசம் கிடையாது. 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. மாணவர்கள் கவனிக்கவும்.