ஆறு, அரிசி, உறக்கம்: மூன்று சில்லறை அரக்கர்கள்

திருத்தணி முருகனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மற்ற ஊர்களில் வருஷா வருஷம் சூரனோடு மல்லுக்கு நிற்கிறவர், இங்கே சண்டையெல்லாம் முடித்துச் சினம் ஆறி அமர்ந்திருக்கிறார். கந்த சஷ்டிக்கு இந்த மலையில் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். அரக்கர் பஞ்சம் நிலவிய இந்த வட்டாரத்தில், 1780-இல் கொசஸ்தலை ஆறு அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

ஆறு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிற பிள்ளைகளிடம் கேட்டால், "இது வெறும் கோபால்ட்" என்பார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தப் பகடை விளையாட்டில் கோபால்ட் கடைநிலை அரக்கன். நேற்றுச் சேர்ந்த வீரனும் ஒரே வெட்டில் சாய்த்துவிடுவான். ஆனால் டக்கர் என்ற ஆட்ட நடத்துநர் இந்தக் கோபால்டுகளை வைத்தே பெருந்தலைகளை அலற விட்ட கதையை 1987-இல் 'டிராகன்' பத்திரிகையில் ரோஜர் மூர் எழுதினார். டக்கர் கோபால்டுக்குப் பலம் ஏற்றவில்லை. குறுகலான வழி, பின்னால் நெருப்பு, மறைவிலிருந்து அம்பு. அவ்வளவுதான்.

டக்கருக்கு 207 வருஷம் மூத்த ஆட்ட நடத்துநர் மைசூரின் ஹைதர் அலி.

1780-இல் அவர் பெரும்படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். எதிரே கிழக்கிந்தியக் கும்பினியின் நாயகர்கள் இருவர். முதலாமவர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்ஸாரில் ஜெயித்தவர், உச்ச லெவல். இரண்டாமவர் கர்னல் வில்லியம் பெய்லி. குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேரோடு வந்துகொண்டிருந்தார். இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டால் ஹைதர் பாடு திண்டாட்டம்.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலையின் வடகரைக்கு வந்தார். தண்ணீர் அநேகமாக இல்லை. அன்றே இறங்கியிருந்தால் பூட்ஸ்கூட நனைந்திருக்காது. துரை யோசித்தார்: எங்கே ஓடிவிடப் போகிறது ஆறு? கூடாரம் அடித்துப் படுத்தார். ராத்திரியோடு ராத்திரியாக ஆறு நிஜமாகவே ஓட ஆரம்பித்தது. அடுத்த ஒரு வாரத்துக்கு மேல் கும்பினியின் வீரதீரம் கரையில் உட்கார்ந்து வெள்ளம் பார்த்தது. மழை ஹைதரின் ஏற்பாடல்ல. கிடைத்த நாட்களை வீணாக்காததுதான் அவர் சாமர்த்தியம்.

ஒருவழியாக ஆற்றைக் கடந்த பெய்லியை, செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். பீரங்கிச் சத்தம் சுமார் 14 மைல் தள்ளிக் காஞ்சிபுரத்திலிருந்த மன்றோவின் காதிலும் விழுந்தது. பக்ஸார் சிங்கம் அசையவில்லை. நகர்ந்தால் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்த அரிசியை யார் காப்பது? தான் போகாமல் கர்னல் பிளெட்சரோடு சுமார் ஆயிரம் பேரை அனுப்பிவைத்தார். ஏற்கெனவே இரண்டாகக் கிடந்த படை, ஒரு பொழுதுக்கு மூன்றாயிற்று.

உதவிப் படை வந்து சேர்ந்ததும் 9-ஆம் தேதி இரவு பெய்லி புறப்பட்டார். காஞ்சிபுரம் எட்டும் தூரம்தான். பாதி வழியில் அவருக்குப் பழைய யோசனையே மறுபடி வந்தது: விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். விடிந்தது. பொள்ளிலூரில் சுற்றிலும் மைசூர்ப் பீரங்கிகள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, கையிருப்பு காலி. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார். சேதி கேட்ட மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு நடையைக் கட்டினார். இந்தக் கூத்தையெல்லாம் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையில் சுவர் முழுக்க ஓவியமாகத் தீட்டி வைத்தார்.

திப்புவின் குதிரைப்படை கோபால்ட் இல்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கடைசி வெட்டைத்தான் போட்டது. அதுவரை நாயகர்களைக் கட்டிப் போட்டவை ஓர் ஆறு, ஓர் அரிசிக் கிடங்கு, இரண்டு ராத்திரித் தூக்கம். மூன்றுக்கும் கத்தி கிடையாது, பகடையில் ஒரு புள்ளியும் தேறாது.

ஆகவே, ஆட்டம் நடத்தும் தம்பி தங்கைகளே, எடுத்த எடுப்பில் டிராகனை அவிழ்த்து விடாதீர்கள். வீரர்களைப் பிரித்து வையுங்கள். சோற்றுக்குக் கவலை கொடுங்கள். பிறகு, "ரொம்பக் களைப்பா இருக்கீங்களே, படுத்துட்டுக் காலையில போகலாமா?" என்று அன்பாகக் கேளுங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.