பத்து மடங்கு போதுமா?

வால்வு ப்ரீஆம்ப் வாங்கக் கிளம்பும் ரசிகரின் முதல் கேள்வி, "கெயின் போதுமா?" என்பதுதான். சம்பளம் போதுமா என்பது வீட்டில் வேறொருவர் கேட்கும் கேள்வி.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. சாதாரண சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்ப்களோ 1 முதல் 2 வோல்ட்டிலேயே தங்கள் முழு பலத்தையும் கொட்டிவிடும். நடுவில் உட்காரும் ப்ரீஆம்ப் பெரிதாகப் பெருக்க என்ன இருக்கிறது? ஆனாலும் 20 டெசிபல், அதாவது பத்து மடங்கு, இருந்தால்தான் நம்மவருக்குத் தூக்கம் வரும். வாங்கி மாட்டியதும் வால்யூம் குமிழ் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணியைத் தொடுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். குமிழ் மலிவானதாக இருந்தால், அந்தத் தொடக்க இடத்தில்தான் இடது ஸ்பீக்கருக்கும் வலதுக்கும் பாரபட்சம் காட்டும். கூடவே பெருகிவரும் இரைச்சல் இலவசம்.

12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. 12ஏயு7-க்கு ஏறக்குறைய 20. பின்னதை வைத்துக் கட்டிய பெட்டியே தாராளம் என்று சொல்லிப் பாருங்கள், "அதில் உயிர் இல்லை சார்" என்பார்.

கெயினுக்காக உண்மையிலேயே ஏங்கும் ஜீவன் ஒன்று உண்டு: இசைத்தட்டைப் படிக்கும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ். அரை மில்லிவோல்ட்டுக்கு மேல் பெரும்பாலும் முனகாது. 60 டெசிபல் கொடுத்தால்தான் பேச்சே வரும். அதற்காகவா இவ்வளவு பாடு என்று விசாரித்தால், "இசைத்தட்டா? நான் போனில்தான் கேட்கிறேன்" என்கிறார்.