ஒரே சட்டியில் மூன்று அவதாரம்

திராட்சைக் கொடி செழிக்காத குளிர்ந்த பிரெஞ்சு நார்மண்டிப் பிரதேசத்தில், ஆப்பிள் தோப்புகளும் அவற்றின் நிழலில் நிதானமாக மேயும் பசுக்களும் நிறைந்திருப்பதால், அந்நாட்டார் சட்டியில் எது விழுந்தாலும் பழத்துக்கும் பாலேட்டுக்கும் தப்புவதில்லை. கோழி மாத்திரம் விதிவிலக்காகுமா? ‘வாலே தோஜ்’ பள்ளத்தாக்கின் பெயர் தாங்கிய பிரசித்தமான பதார்த்தத்தில், வெண்ணெயில் பொன்னிறமாகச் சிவந்துகொண்டிருக்கும் துண்டுகளின்மீது, ஆப்பிள் மதுவான சைடரைக் காய்ச்சி வடித்த கால்வடோஸ் சாராயத்தைச் சமையற்காரர் பரம சிரத்தையோடு வார்த்துத் தீயிட, நீலச் சுவாலை குபீரென்றெழுந்து, அவருடைய புருவத்தைச் சற்றே விசாரித்துவிட்டு அடங்குகிறது. பிறகு சைடர்; பிறகு பாலேடு, அதுவும் வைத்தியர் பார்க்காத அளவில். கடைசியில் வதக்கிய ஆப்பிள் துண்டுகள். இவ்வாறு ஒரே பழம் சாராயமாகவும் மதுவாகவும் பழமாகவும் மூன்று அவதாரமெடுத்துச் சூழ்ந்துகொள்வதால், கோழிக்குத் தன் சொந்த விருந்திலேயே சிறுபான்மை ஸ்தானந்தான் கிடைக்கிறது. ஒரே சட்டியில் முடிகிற சமையல் என்று இதனை எல்லோரும் சிலாகிக்கிறார்கள்; ஆப்பிள் வதங்கியது பெரும்பாலும் வேறொரு சட்டியில் என்பதைப் பாத்திரம் துலக்குகிறவர் தவிர யாரும் பிரஸ்தாபிப்பதில்லை.