வெயில் தின்ற பளபளப்பு

கேள்வி (கடலூர்): வாங்கும்போது முகம் பார்க்கலாம் போலிருந்த ஃபைபர் படகு, இப்போது தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. எல்லாம் உப்புக்காற்று செய்த வேலைதானே?

பதில்: உப்புக்கும் பங்கு உண்டு, பெரும்பங்கு வெயிலுக்கு. படகின் நிறம் கண்ணாடி இழையில் இல்லை. அதற்கு மேலே நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசின் பூச்சு ஒன்று இருக்கிறது. அதுதான் ஜெல்கோட். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலின் புற ஊதாக் கதிர் இந்த ரெசினின் மேற்பரப்பைச் சிதைக்கிறது. ரெசின் பிடி விட்டதும் நிறமி பொடியாக உதிர்கிறது, பரப்பு சொரசொரப்பாகிறது, அதில் படும் வெளிச்சம் சிதறிப் போகிறது. வெளுப்பு என்று நாம் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி (நாகப்பட்டினம்): என் படகு தேறுமா, தேறாதா? செலவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, செலவு ஒரு குவளைத் தண்ணீர்தான். வெளுத்த இடத்தில் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் எட்டிப் பார்த்தால் ஜெல்கோட் உயிரோடு இருக்கிறது, தேய்த்து மீட்கலாம். நெய்த நூலின் வரி கண்ணுக்குத் தெரிந்தால் ஜெல்கோட் தேய்ந்து தீர்ந்தது என்று பொருள். அங்கே பாலிஷுக்கு வேலை இல்லை. மறுபடி ஜெல்கோட் பூசவேண்டும், அல்லது பெயிண்ட் அடிக்கவேண்டும்.

கேள்வி (தூத்துக்குடி): டீசலில் நனைத்த துணியால் துடைத்தாலே பளிச்சென்று ஆகிவிடுகிறதே! மெஷின் எதற்கு, பாலிஷ் எதற்கு?

பதில்: தண்ணீர் தெளித்தபோது நிறம் தெரிந்ததே, அதே கதைதான். திரவம் பள்ளங்களில் நிரம்பியிருக்கும் வரை நிறம் தெரியும். காய்ந்தால் மறுபடி வெளுப்பு. தண்ணீராவது போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு அப்படிப் போகாது. தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், நாளைக்கு அடிக்கும் பெயிண்டையும் ஒட்டவிடாது.

கேள்வி (இராமேசுவரம்): சரி, முறையாகச் செய்வது எப்படி? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

பதில்: படகை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். தேய்க்கும் பசையான காம்பவுண்ட் வெயிலில் காய்ந்து இறுகிவிடும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உப்பை முழுக்கக் கழுவுங்கள். உப்புப் பரல் ஒன்று சிக்கினாலும் கீறல் விழும். பழைய வாக்ஸ் இருந்தால் அதற்கான கரைப்பானால் துடைத்தெடுங்கள்.

இனி, மூலையில் ஓரடி இடத்தில் சோதனை. முதலில் பாலிஷ். அதற்கு மசியாவிட்டால் காம்பவுண்ட். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாள்: 1000, 1500, 2000 கிரிட் என்ற வரிசையில், தண்ணீர் விட்டுக்கொண்டே. பேப்பர் போட்ட இடத்தில் மறுபடி காம்பவுண்டும் பாலிஷும் போட்டால்தான் பளபளப்பு வரும். பஃபிங் மெஷினில் காம்பவுண்டுக்குக் கம்பளி பேட், பாலிஷுக்கு ஸ்பாஞ்ச் பேட். வேகத்தைக் குறைத்து, இரண்டடிக்கு இரண்டடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஜெல்கோட் கருகும். விளிம்புகளில் அழுத்தினால் நொடியில் தேய்ந்துவிடும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கடைசியில் மெல்லிசாக இரண்டு கை வாக்ஸ்.

கேள்வி (காரைக்கால்): கடைசியில் போடும் வாக்ஸை முதலிலேயே போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சமாகுமே?

பதில்: வேலை மிச்சமாகும், வெளுப்பும் மிச்சமிருக்கும். வாக்ஸ் காவல்காரன், வைத்தியன் அல்ல. பொடிந்த பரப்பின்மேல் பூசினால் சில வாரம் மினுங்கிவிட்டு மங்கிவிடும். சிதைந்த அடுக்கை எடுத்தபின் பூசினால்தான், புதிதாக வெளிவந்த பரப்பை அது காக்கும். இன்னொன்று: தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் அடிப்பாகத்தில் வாக்ஸ் வேண்டாம். பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயிண்ட் அதன்மேல் ஒட்டாது.

கேள்வி (கன்னியாகுமரி): வருஷாவருஷம் பேப்பர் போட்டு வைரமாய் மின்ன வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கையிருப்பு அரை மில்லிமீட்டர்தான் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பும் அதிலிருந்துதான் செலவாகிறது. ஒருமுறை நன்றாக மீட்டுவிட்டு, பிறகு வாக்ஸால் காப்பாற்றுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவத் தொடங்கினால் அடுத்த வாக்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கேள்வி (தரங்கம்பாடி): படகு பளபளத்தால் மீன் கூடவா விழப்போகிறது?

பதில்: விழாது. ஆனால் கையால் துடைத்துப் பராமரிக்கும் படகில் மயிரிழை வெடிப்புகூடக் கண்ணில் படும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஃபைபர் அடுக்குகள் ஊறிப் பிரியத் தொடங்கும். ஆரம்பத்திலேயே கண்டால் கொஞ்சம் ரெசினோடு முடியும். அதனால் பளபளப்பை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். காசே இல்லை என்றாலும் இரண்டு காரியம் செய்யலாம்: கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு கழுவு, ஓய்வில் நிற்கும்போது மேலே ஒரு தார்ப்பாய். பாதி வெளுப்பு அதிலேயே தள்ளிப்போகும்.