நனைந்தால் தகுதி

அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஆளுக்கொரு படகு வாங்கட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை மீதான வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, பயிற்சியாளர் கைகாட்டிய விளையாட்டுப் பிள்ளைகளில் 86 சதவீதம் பேருக்கு இடம். மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. ஓடுகிறவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். ஸ்குவாஷ், வாள்வீச்சு, பாய்மரப் படகு என்றால் போட்டிக்கு ஆளே இல்லை. ஏழைகள் ஏனோ இவற்றில் ஆர்வம் காட்டுவதில்லை. சோம்பல்தான், வேறென்ன?

2019இல் அம்பலமான சேர்க்கை மோசடியில், தரகருக்குப் பணம் கொடுத்து மகனை விளையாட்டு வீரனாகக் காட்டிய ஒரு தகப்பனாரின் பாடு கண்ணில் நீரை வரவழைத்தது. வாட்டர் போலோ பந்தும் தொப்பியும் இணையத்தில் வாங்கி, மகனை வீட்டு நீச்சல் குளத்தில் இறக்கிப் படமெடுத்தார். பையன் தண்ணீருக்கு மேலே ரொம்பத்தான் எழும்பிவிட்டான் என்று தரகருக்கே உறுத்தியது. தகப்பனாருக்கு நான்கு மாதச் சிறை.

அவசரக்காரர். அதே பணத்தைப் பத்து வருடம் பயிற்சிக்குக் கொட்டியிருந்தால் பையன் திறமைசாலி, அப்பா தியாகி.

2023இல் அதே ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்றது. துடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.